நூறு வீதத்தை நம்பாத சிவனேஸ்வரி

பஸ்ஸின் மேல்தட்டு முன் இருக்கையில், கைப்பையை மேசையாக மடியில் வைத்துச் சிவனேஸ்வரி பரீட்சை முடிவு அட்டவணைக்குக் கோடு கீறிக்கொண்டிருக்கிறார். ஓடும்போது கீறினால் கோணிவிடும். அதனால் சிவப்பு விளக்கில் நிற்கும்போது மட்டும் பேனா அசையும். ஸ்ட்ரெதத்தில் இறங்கும்போது முகமெல்லாம் சிரிப்பு. "இண்டைக்கு நல்ல ட்ராபிக். கணக்கும் விஞ்ஞானமும் முடிச்சிட்டன்."

ஸ்ட்ரெதத்தில் கேக் செய்யும் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. புலம்பெயருமுன் யாழ்ப்பாணத்தில் கல்விக் கந்தோர் எழுதுவினைஞராக இருந்தவர். பரீட்சை முடிவுகளைத் தட்டச்சுச் செய்தே, எந்தப் பள்ளிக்கூடம் எதை மறைக்கிறது என்று கண்டுபிடிக்கப் பழகியவர்.

அவர் படித்த கரம்பைக்காடு மகா வித்தியாலயத்தில் இன்றைக்கும் பதினொரு ஆசிரியர்கள்தான். அதன் பழைய மாணவர் சங்கம், ஸ்ட்ரெதத்துக்குப் பக்கத்தில் மிச்சம் என்ற ஊரில் ஒரு தேவாலய மண்டபத்தில் கூடும். ஊரிலிருந்து சாதாரண தரப் பரீட்சை முடிவுகள் கொழும்பைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் பிந்தி வரும். அவற்றை ஆராய்ந்து அறிக்கை எழுதுவது சிவனேஸ்வரியின் பொறுப்பு. "தமிழ் திறம். இங்கிலிஷ் வாத்தியார் சித்திரைக்குப் பிறகு வரேல்லைப் போலை" என்று ஓரத்தில் எழுதுவார். விசாரித்தால் அது சரியாகவே இருக்கும்.

1993ஆம் ஆண்டுக் கூட்டத்துக்குப் படம் பிடிக்க நானும் போயிருந்தேன். தலைவர் ஆனந்தராஜா பல் வைத்தியர், சிரிப்புக்குக் குறைவில்லாதவர். "பன்னிரண்டு பேர் எழுதி பன்னிரண்டு பேரும் பாஸ். நூறு வீதம்!" என்று அறிவித்தார். மண்டபம் அதிர்ந்தது.

சிவனேஸ்வரி எழுந்து நின்றார். கையில் முந்தைய ஆண்டின் வகுப்புப் பட்டியல். "அண்ணை, போன வருசம் இந்த வகுப்பிலை முப்பத்தொரு பிள்ளையள். மற்றப் பத்தொன்பது பேரும் எங்கை?"

"இடம்பெயர்ந்திருப்பினம், பிள்ளை."

"இல்லை. ஆள் விட்டு விசாரிச்சனான். எல்லாரும் ஊரிலைதான் நிக்கினம். வீதம் விழுந்திடும் எண்டு அதிபர் எழுத விடேல்லை."

மண்டபத்தில் முணுமுணுப்பு. அதிபரைக் கண்டித்துக் கடிதம் எழுத வேண்டும் என்றார் ஒருவர்.

"அவரை ஏன் பேசுறியள்? எண்பது வீதத்துக்கு மேலை வந்தால்தான் நூலகத்துக்குப் புத்தகம் எண்டு எழுதினது நாங்கள்தானே?"

ஆனந்தராஜா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "பிள்ளை சொல்லுறது சரி. நான்தான் அதிலை கையெழுத்து வைச்சனான்" என்றார். நிபந்தனையை நீக்கும் கடிதம் அந்த மேடையிலேயே எழுதப்பட்டது.

அடுத்த பரீட்சையை அந்தப் பத்தொன்பது பேரோடு புதிய வகுப்பின் இருபத்துமூன்று பேரும் சேர்ந்து எழுதினார்கள். முடிவைப் பார்த்த ஆனந்தராஜா தாளை மறுபடி புரட்டினார். "அறுபத்திரண்டு வீதம்! சனத்துக்கு என்னெண்டு சொல்லுறது?"

"விடுங்கோ, நான் சொல்லுறன்."

அடுத்த கூட்டத்துக்குச் சிவனேஸ்வரி, தொழிற்சாலையில் வடிவு பிசகியதென்று ஒதுக்கிய கேக்குகளை இரண்டு பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தார். மேடையேறி ஒலிவாங்கியைப் பிடித்தார். "போன முறை பன்னிரண்டு பேர் பாஸ். இந்த முறை இருபத்தாறு பேர். அதிலை பதினொரு பேர், ஏலாது எண்டு நாங்கள் வீட்டிலை இருத்தின பிள்ளையள். கேக்கை எடுங்கோ!" கைதட்டல் அடங்க நேரமானது. முதலில் எழுந்து நின்று தட்டியவர் ஆனந்தராஜாதான்.

மறுநாள் காலை தபாற்கந்தோரில் சிவனேஸ்வரியைக் கண்டேன். பாஸ் பண்ணாத பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்றாகப் பதினாறு வான்கடிதத் தாள்கள் வாங்கியிருந்தார். வீடுபோய்ச் சேரும்வரை பொறுக்கவில்லை. சுவரோரப் பலகையில் முதல் தாளை விரித்து, சங்கிலியில் கட்டியிருந்த பேனாவை இழுத்து, குனிந்து எழுதத் தொடங்கினார்: "தம்பி, கணக்கில் உமக்கு எந்த இடம் விளங்கவில்லை?"