எழுநூறு மில்லி

தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் முப்பது வருடமாகப் புடவை விரித்துக் காட்டுகிறவர் ராஜரத்தினம். சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். கடையில்தான் புடவையைப் பற்றிப் பேசுவார். வெளியே வந்தால் உரமும் பூச்சிமருந்தும்தான் பேச்சு. கோயம்பேட்டுக் காய் என்று யாராவது வாயெடுத்தால் போதும், அது விஷம், அதைத் தின்கிறவன் வியாதியைக் காசு கொடுத்து வாங்குகிறான் என்று பிடித்துக்கொள்வார். மாட்டிக்கொண்டவர்கள் பஸ் வந்துவிட்டது என்று சொல்லித் தப்பித்து ஓடுவார்கள்.

வாடகை வீட்டு மொட்டை மாடியில் நாற்பது பைகளில் தோட்டம் போட்டிருந்தார். தக்காளி, கத்தரி, வெண்டை, அரைக்கீரை, கம்பிப் பந்தலில் வெள்ளரி. மீன் கழிவையும் வெல்லத்தையும் ஊறவைத்து அவர் தயாரிக்கும் கரைசலின் வாடை தெருமுனை வரை மூக்கைத் துளைக்கும். வீட்டுக்காரர் இரண்டு முறை சண்டைக்கு வந்து, இரண்டு முறையும் ஒரு பை கத்தரிக்காயோடு சமாதானமாகிப் போனார். இத்தனை பாடும் மனைவி செண்பகத்துக்காக. அவளுக்குச் சர்க்கரை வந்த வருடம்தான் முதல் பையில் மண் நிரப்பினார். மருந்தடிக்காத காயைப் போட்டால் உடம்பு தானாகத் தேறிவிடும் என்று மனிதர் சத்தியமாக நம்பினார். பிள்ளைகள் இல்லை. அவளை விட்டால் அவருக்கு வேறு யார்?

தேறவில்லை. போன வருடம் செண்பகத்தின் இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டுவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் மயிலாப்பூரில் ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு ஆட்டோவில் போய், நாலு மணி நேரம் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். கீரை கூடாது, தக்காளி கூடாது, மற்ற காய்களையும் வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும் என்றாள் அங்கிருந்த நர்ஸ் ஜோதிலட்சுமி. காபி, ரசம், தண்ணீர் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு எழுநூறு மில்லிதான்; மிஞ்சினால் வெளியேற வழியில்லாமல் உடம்பிலேயே தங்கிவிடும். ராஜரத்தினம் விடவில்லை. எங்கள் வீட்டுக் கீரைக்கு மருந்தே கிடையாதே என்று விளக்கப் பார்த்தார்.

“மருந்து அடிச்சாலும் அடிக்காட்டியும் கீரைல பொட்டாசியம் கீதுல்ல சார். இவங்களுக்கு ஹார்ட்டே நின்னுடும்.”

ஐந்து வருட நம்பிக்கை அந்த ஒரு பேச்சோடு போயிற்று.  ஆனாலும் தோட்டத்தை விட மனசு வரவில்லை. காயைக் கடை ஆட்களுக்குக் கொடுத்தார். தினமும் காலையில் எழுநூறு மில்லியை அளந்து பாட்டிலில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. அவருக்கு வாரவிடுமுறையான நாட்களில், சாயங்காலம் செண்பகம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து மாடிக்கு ஏறி வருவாள். நாற்காலியில் உட்கார்ந்து, அவர் குழாயால் பைகளுக்குத் தண்ணீர் பீய்ச்சுவதையே பார்த்துக்கொண்டிருப்பாள். காற்று வாங்க வருகிறாள் என்று அவர் நினைத்தார். செடிக்கு மொத்தம் எத்தனை குடம் ஆகும் என்று ஒருநாள் கேட்டாள். இருபது குடம் என்று பெருமையாகச் சொன்னார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு ஒருத்தி கேட்கிறாள் என்பது அந்த மனிதருக்கு உறைக்கவே இல்லை. இவ்வளவு பாசமுள்ள ஆளுக்கு எப்படித்தான் கண் தெரியாமல் போயிற்றோ!

அந்த மாதம் வெள்ளரிப் பிஞ்சுகள் காணாமல் போயின. அணில் என்று முடிவுகட்டி வலை கட்டினார். வலைக்குள்ளும் காணாமல் போயின. மையத்திலோ, செண்பகத்தின் எடை ஒவ்வொரு தடவையும் இருக்கவேண்டியதைவிட ஒரு கிலோ, ஒன்றரை கிலோ கூடுதலாகக் காட்டியது. படுத்தால் மூச்சு வாங்கியது. யார் தண்ணீர் கொடுப்பது, நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டால் ஆளைக் காப்பாற்ற முடியாது என்று ஜோதிலட்சுமி கத்தினாள். அளந்து வைக்கிறேன், உங்கள் தராசுதான் கோளாறு என்று ராஜரத்தினம் எகிறினார். செண்பகம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த புதன்கிழமை மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுக் கடைக்குப் போனவர், விலைச்சீட்டைப் படிக்க முடியாமல் பதினொரு மணிக்குத் திரும்பி வந்தார். வீட்டில் அவளைக் காணோம். மாடிக்கு ஓடினார். கொதிக்கிற தரையில், பந்தல் நிழலில், செண்பகம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் நாலு பிஞ்சுகள். ஒன்றைக் கடித்து, சாற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். தாடையெல்லாம் ஈரம். கண் மூடியிருந்தது.

அவர் நிழல் மேலே விழுந்ததும் விழித்தாள். மறைக்கவில்லை.

“கழுவாமத்தான் திங்கேன். நீங்கதான் மருந்தே அடிக்க மாட்டீங்களே.”

ராஜரத்தினம் அப்படியே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நீ போய்விட்டால் நான் யாருக்கு அளந்து வைப்பேன் என்று கேட்டு அழுதார். பிறகு எழுந்து வெள்ளரிக் கொடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். தக்காளியைப் பிடுங்கினார். கீரையை வேரோடு இழுத்துப் போட்டார். குழாயைக் கழற்றிச் சுருட்டி, மாடிக் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். படியில் உட்கார்ந்தபடி செண்பகம் எல்லாவற்றையும் பார்த்தாள்.

“இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கப் போறேன்? அதையாவது விட்டு வச்சிருக்கலாம் நீங்க.”

அவர் சாவி இருந்த சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் படியிறங்கினார். 

ஒரு வாரம் கழித்து, வெள்ளிக்கிழமை மையத்தில் எடை பார்த்தார்கள். மிகச் சரியாக இருந்தது. ஜோதிலட்சுமி செண்பகத்தின் தோளில் தட்டி, சூப்பர்மா, இப்படியே இருங்க என்றாள். ராஜரத்தினத்தையும் பாராட்டினாள். கையில் தடித்த ஊசி ஏற்றும்போது, இத்தனை மாதமும் அடுத்த கையால் அவர் விரலை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறவள், அன்று அந்தக் கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.