ஆறேகால் அடி ஆட்டுத்தோல்

ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, சாப்பாட்டுப் பையிலிருந்து ஹார்டு டிஸ்க்கை எடுக்கிறார் பூங்குழலி. மூக்கைக்கூடப் பொத்தாமல் ஹஸன் பாயின் தோல் ஷெட்டுக்குள் போய், ஆணியில் தொங்கும் ஆட்டுத்தோலை யாரையும் கேட்காமலே உருவுகிறார். ஒன்பது வருஷமாக அது அவருக்கென்றே தொங்குகிறது. பின்பக்கம் பேனாவில் அதன் அளவு இருக்கும்: 6¼ அடி, சதுரக் கணக்கில்.

ஆம்பூரில் வீட்டிலிருந்தபடி பெங்களூர் கம்பெனிக்கு கர்னல் எழுதுகிறவர். கர்னல் என்பது கம்ப்யூட்டரில் மற்ற எல்லாப் புரோகிராமுக்கும் அடியில் கிடந்து மாரடிக்கிற பகுதி. அதில் தோல் அளக்கும் மெஷினுக்கான துண்டு இவர் பொறுப்பு. மெஷின் எவ்வளவு சீக்கிரம் தோலைப் பார்த்து முடிக்க வேண்டும் என்பதற்கு ஒரு பெயர், ஒரு எண். 'ஃபாஸ்ட்' என்றால் 3. பதினைந்து வருஷத்துக்கு முன் இவரே வைத்தது. இன்றைக்கு அதைவிட மந்தமான வேகம் கிடையாது. சொல்லிச் சிரித்தால், "வெச்ச பேரு வெச்சதுதான். அத நம்பி புரோகிராம் எழுதிட்டுப் போனவன எங்க போய்த் தேடுவே?" என்பார்.

பட்டுத் தெரிந்தது அது. யாரும் தொடுவதில்லை என்று ஒருதரம் பழைய எண் ஒன்றைத் தூக்கிவிட்டார். மறுநாள் இந்த ஷெட்டு மெஷின் படுத்துவிட்டது. இதில் ஓடும் புரோகிராமை எழுதியவர் எப்போதோ இறந்துபோனார். திருத்த ஆள் இல்லை. ஹஸன் பாய் அடிக்குச்சியோடு தோல் தோலாக அளந்துகொண்டிருந்ததைப் பார்த்தவர், அன்றிலிருந்து எதை மாற்றினாலும் இந்தத் தோலை ஒருமுறை ஓட்டாமல் அனுப்புவதில்லை.

போன வெள்ளிக்கிழமை டீம் தலைவர் செல்வகுமார், ஜோலார்பேட்டைக்காரர், 3-ஐப் புது மெஷினின் வேகத்துக்குக் கொடுத்துவிட்டார். சாயந்திரத்துக்குள் அந்த மாற்றம் வெளியே போக வேண்டும். பூங்குழலி அதை ஹார்டு டிஸ்க்கிலிருந்து அப்படியே ஷெட்டு மெஷினில் ஏற்றித் தோலை விட்டார். புது வேகத்தில் ஒரே இடத்தை மூன்று தரம் பார்த்த மெஷின், பதினெட்டே முக்கால் என்றது.

"இன்னாம்மா, ஆடு மாடாயிடுச்சா?" என்றார் ஹஸன் பாய். சிரிப்பு பாதியில் நின்றது. வெளியே லோடு காத்திருந்தது. "இந்த அளவுல பில்லு போட்டா பார்ட்டி என்னை உரிச்சிடுவான்."

பூங்குழலி போனை எடுத்தார். "செல்வா, மூணத் தொடாத. புது வேகத்துக்கு ஏழு குடு."

"ஒரு ஷெட்டுக்காகவாக்கா இவ்ளோ பேஜாரு?"

"எனக்குத் தெரிஞ்சது ஒரு ஷெட்டுடா. தெரியாதது எத்தினின்னு நீ சொல்லு, மாத்திக்கலாம்."

"சரிக்கா. ஏழே போட்டுக்கறேன்."

பழையதை ஏற்றி மறுபடி தோலை விட்டார். ஆறேகால். ஹஸன் பாய் லோடை உள்ளே கொண்டுவரச் சொல்லிக் கத்தினார்.

பூங்குழலி தோலைத் திருப்பிப் பார்த்தார். எண் மங்கியிருந்தது. ஹஸன் பாயின் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவி, பழைய கோட்டின் மேலேயே, பிசகாமல், ஆறேகாலை எழுதினார். ஊதி உலர்த்தி ஆணியில் மாட்டினார்.