சூடம் அடிக்காதவள்

முதல் கல்லை எறிந்தவன் என் தம்பி. நிலம் அளக்க வந்திருந்த மலாய்க்காரரின் நெற்றியில் அது பட்டது. வெள்ளைச் சட்டையில் ரத்தம் இடுப்புவரை இறங்கிய பிறகுதான் அவர் தரையில் உட்கார்ந்தார். என் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் தலையில் இறுக்கிக் கட்டினேன்.

"கட்டி வுடு, கட்டி வுடு. உனக்குத்தான ஆஸ்பத்திரி வேணும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். திரும்பினேன். தம்பி பெண்டாட்டி. ஆமாம், வேணும்தான், அதற்கு என்ன இப்போது என்று கேட்டேன். அவள் துப்பியது என் காலுக்குப் பக்கத்தில் விழுந்தது.

பெடாஸ் ஊரிலிருந்து உள்ளே தள்ளி, செம்பனைக் காட்டு ஓரத்தில் இருக்கிறது எங்கள் லயம், தோட்டத்து ஆட்களுக்குக் கட்டிய வரிசை வீடுகள். முன் வரிசையில் நானும் என் வீட்டுக்காரரும். பின் வரிசையில் தம்பி குடும்பம். அதற்குப் பின்னால் பந்து விளையாடும் திடல், திடல் மூலையில் முனியாண்டி சாமி, அந்தப் பக்கம் துரை காலத்து ஆஸ்பத்திரி. காய்ச்சலுக்கு மாத்திரை தருவார்கள், காயத்துக்குத் தையல் போடுவார்கள். அதற்கு மேல் என்றால் சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றி விட்டுவிடுவார்கள். அதைத்தான் பெரிதாகக் கட்டப் போவதாகச் சொன்னார்கள். திடல் போகும், பின் வரிசை போகும், அங்கே இருப்பவர்களுக்கு அடுக்குமாடியில் வீடு கொடுப்பார்கள். புதுக் கட்டடத்தில் டயாலிசிஸ் வார்டு வரும்.

என் வீட்டுக்காரருக்கு இரண்டு கிட்னியும் செத்துப் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் சிரம்பானுக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். திரும்பி வரும்போது மனிதர் வேனுக்குள் சுருண்டு கிடப்பார். ஒரு தடவை தவறினால் நெஞ்சில் நீர் ஏறும். அதற்கு மேலும் தவறினால் ஆள் இருக்கமாட்டார். எனக்கு அந்த வார்டு வேண்டும். வேறு எவருடைய நியாயமும் என் காதில் ஏறவில்லை, ஏற்றிக்கொள்ளவும் நான் தயாராக இல்லை.

அவரை வாரா வாரம் சிரம்பானுக்கு ஏற்றிப் போனது யார் என்கிறீர்கள்? கல் எறிந்த அதே தம்பிதான். ஃபேக்டரிக்கு ஆள் ஏற்றும் வேன் அவனுடையது. இவருடைய இடது கையில் இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்து வைத்திருந்தார்கள். கயிறு மாதிரி புடைத்திருக்கும், விரல் வைத்தால் உள்ளே உறுமும். அந்த வழியாகத்தான் ஊசி. அந்தக் கையில் பை தூக்கக்கூடாது, வாட்ச் கட்டக்கூடாது, தலைக்கு வைத்துப் படுக்கக்கூடாது. ஊசியை எடுத்ததும் பஞ்சை வைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்கவேண்டும். எனக்கு ரத்தத்தைக் கண்டால் பயமில்லை, ஆனால் அந்த உறுமல் விரலுக்குள் ஏறினால் கையை எடுத்துவிடுவேன். நர்ஸ் தம்பிக்குத்தான் சொல்லிக் கொடுத்தாள். அவன்தான் பிடிப்பான்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் புதுக் கட்டடத்தைச் சின்னதாகச் செய்து வைத்திருந்தார்கள். தம்பி எழுந்து போய்க் குனிந்து பார்த்தான்.

"எங்க வூடு இதுல எங்க இருக்கு?"

டை கட்டிய அதிகாரி தமிழர்தான். பேனாவால் தொட்டுக் காட்டினார். "இங்க பச்சையா மரம் இருக்கு பாருங்க, அந்த எடம்."

"மரம் இருக்கு. வூட்டக் காணமே லா."

"அது இனிமே இருக்காதுங்க."

தம்பி முஷ்டியை மடக்கி அந்தக் கண்ணாடியில் இறக்கினான். ஸ்பாஞ்சு மரங்களும் அவன் ரத்தமும் மேசையெல்லாம் சிதறின. அப்புறம் நாற்காலிகள் பறந்தன. என்மேல் நாற்காலி வீசியவனை நானும் சும்மா விடவில்லை, குடையாலேயே நாலு வைத்தேன். அவன் காது கிழிந்தது. கிழியட்டும் என்றுதான் அப்போது தோன்றியது. போலீஸ் வந்து தம்பியை லாக்கப்புக்குக் கொண்டுபோனது.

மறுநாள் டயாலிசிஸ் நாள். வேன் இருக்கிறது, ஓட்ட ஆள் இல்லை. பக்கத்து வீட்டில் கோயில் தலைவர். அவர் கார் அப்போதுதான் பசாரிலிருந்து வந்து நின்றது, பானட்டில் இன்னும் சூடு.

"கார் ரிப்பேர் லா, தங்கச்சி" என்றார்.

அவர் முகத்தைப் பார்த்தேன். மற்ற வாசல்களிலும் கேட்டேன். ஒருத்திக்குச் சாவி காணோம், ஒருத்தனுக்குத் தலைவலி. வீட்டுக்குத் திரும்பினால் என் வீட்டுக்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். உட்கார்ந்தால் மூச்சு வரவில்லை. வாயில் நுரை தள்ளுகிறது. அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு போய்த் தலைவரின் கார் கண்ணாடியில் போட்டேன். "இப்ப ரிப்பேர்தான். நல்லா பாத்துக்கோ" என்றேன். அவர் மகன் என் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். அந்தச் சத்தம் கேட்டுத்தான் திடலுக்கு அந்தப் பக்கமிருந்து பழைய ஆஸ்பத்திரிக்காரர்கள் ஸ்டிரெச்சரோடு ஓடிவந்தார்கள். ஆக்சிஜன் வைத்து ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். சிரம்பான் டாக்டர் என்னைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் நேரே சவக்கிடங்குதான் என்றார். என்ன ஆனாலும் அந்த வார்டு இங்கே வந்தாகவேண்டும் என்று அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன்.

தம்பி வெளியே வந்ததும் ஆண்கள் எல்லாரும் முனியாண்டி முன்னால் கூடினார்கள். எங்கள் பக்கம் முனிக்குக் கிடா வெட்டாமல் யாரும் பெரிய வேலைக்கு மண்ணைத் தோண்டமாட்டார்கள். முதலாளி சீனத் தவுக்கேவாக இருந்தாலும் நம் ஆளைக் கூப்பிட்டுக் காவு கொடுத்துவிட்டுத்தான் தொடங்குவார். மண் தோண்டும் மெஷின் ஓட்டுபவர்கள் பெரும்பாலும் நம் ஆட்கள். அதனால் யாரும் கிடா கொடுப்பதில்லை, யாரும் வெட்டுவதில்லை என்று முடிவானது. தட்டில் சூடம் ஏற்றி வரிசையாக வந்து, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார்கள். பூசாரி அடித்தார், தலைவர் அடித்தார். கட்டுப் போட்ட கையாலேயே தம்பி அடித்தான். என் வீட்டுக்காரர் படுக்கையில் கிடந்ததால் அவரை விட்டுவிட்டார்கள். பெண்கள் நாங்கள் தள்ளி நின்று பார்த்தோம். எங்களிடம் எவரும் சத்தியம் கேட்கவில்லை. பெண்பிள்ளை கத்தியெடுத்து முனிக்கு வெட்டுவாள் என்று அந்தக் கூட்டத்தில் ஒரு மண்டைக்கும் தோன்றவில்லை.

மெஷின் வந்தது. வந்த அன்றே கல் பட்டு அதன் கண்ணாடி நொறுங்கியது. ஓட்டுபவர் பகாவ் ஊர்க்காரர், நெற்றி நிறைய திருநீறு. இறங்கி, மெஷின் நிழலில் உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்தார். கட்டட வேலையை எடுத்திருந்த தவுக்கே கத்திப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார்.

"ரத்தம் வுழாம நான் பக்கெட்ட எறக்க மாட்டேன் பாஸ். எனக்குப் புள்ள குட்டி இருக்கு."

நாள் கணக்காக மெஷின் சும்மா நின்றது. லயத்தில் ஒரே கொண்டாட்டம். நான் பகாவ்காரரிடம் போய், பொம்பளை வெட்டினால் சரியா என்று கேட்டேன். யோசித்தார்.

"யாரு வெட்னா என்னாக்கா. ஆடு துலுக்கணும், ரத்தம் வுழணும். அவ்ளோதான்."

என் கொட்டகையில் கறுப்புக் கிடா இருந்தது, நான் வளர்த்தது. காலையில் தலைக்குக் குளித்து, மாலை போட்டு இழுத்துக்கொண்டு போனேன். வேண்டாம் என்று சொன்ன என் வீட்டுக்காரரும் பின்னாலேயே வந்து மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். சுருட்டு, சாராயம், எலுமிச்சை எல்லாம் வைத்தேன். மஞ்சள் தண்ணீரைக் கிடாவின் முதுகில் ஊற்றினேன். அது உடம்பை உதறினால் முனி ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். அது உதறவில்லை. மறுபடியும் ஊற்றினேன். சும்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றது.

அதற்குள் பின் வரிசையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். முன்னால் தம்பி, கையில் வாழைக்குலை வெட்டும் பாராங் கத்தி.

"அக்கா, வெட்டாத. ஒன் கால்ல வுழுறேன். வெட்டாத."

கிடா தலையிலிருந்து வால்வரை உதறியது. நான் வெட்டினேன். ஒரே வெட்டில் விழவில்லை. அது முழங்கால் போட்டுக் கத்தியது. இரண்டாவது வெட்டில் தலை தனியாகப் போனது. ரத்தம் மணலில் ஓடியது. பகாவ்காரர் எழுந்து சிகரெட்டைப் போட்டு மிதித்தார்.

"என் வூட்ட வெட்டிட்டல்ல" என்றான் தம்பி. அவன் கத்தி மேலே போனதைப் பார்த்தேன். நகரத் தோன்றவில்லை. என் கையிலும் கத்தி இருந்தது, வாடா என்றுதான் நின்றேன். அதுதான் என் புத்தி. நடுவில் என் வீட்டுக்காரர் எப்படி வந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நாலு அடி நடந்தால் இளைக்கிற மனிதர். கையைத் தூக்கி மறித்தார். இடது கை.

சாதாரண வெட்டு என்றால் ரத்தம் வழியும். இது பீய்ச்சி அடித்தது. முனியாண்டியின் மார்புவரை தெறித்தது. இரண்டாவது தடவை அடித்தபோது என் கண்ணில் விழுந்தது. அவர் ஆட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

தம்பி கத்தியைப் போட்டான். போட்ட வேகத்தில் அவர்மேல் பாய்ந்து கையைப் பிடித்து, கட்டைவிரலை வெட்டுக்குள்ளேயே அழுத்தினான். "துண்டக் கட்டுக்கா. கீழ இல்ல, மேல. மேல இறுக்கு. மாமா, கண்ண மூடாத. மாமா, என்னப் பாரு." பகாவ்காரர் காலைத் தூக்கினார், கோயில் தலைவர் இடுப்பைப் பிடித்தார். திடலைக் குறுக்கே கடந்து பழைய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். தம்பி பக்கவாட்டிலேயே ஓடிவந்தான். இரண்டு தடவை விழுந்து எழுந்தான், விரலை மட்டும் எடுக்கவில்லை. டாக்டர் எடு என்றபோதும் எடுக்கவில்லை. இரண்டு பேர் சேர்ந்து பிரித்தார்கள்.

உயிர் நின்றது. இடது கை இனி ஊசிக்கு உதவாது என்று ஆகிவிட்டது. சிரம்பானில் அந்தக் குழாயைக் கட்டிவிட்டுக் கழுத்தில் ட்யூப் போட்டார்கள். வார்டுக்குப் போலீஸ் வந்து விசாரித்தபோது என் வீட்டுக்காரர் சொன்னார்:

"ஆடு வெட்டையில இவ கத்தி தவறிடுச்சி சார்."

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவனைக் கொண்டுபோய் உள்ளே வையுங்கள் என்று கத்தவேண்டும்போல் இருந்தது. ஆமாம் என்றேன். போலீஸ் போன பிறகு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"அவன உள்ள தள்ளிட்டா வேன யாரு ஓட்டுறது?" என்றார் மனிதர்.

தம்பியே ஓட்டினான். நான் பின் சீட்டில் வாயை மூடிக்கொண்டு வந்தேன். முனி பெண் கையால் காவு வாங்கமாட்டார், அதனால்தான் அவள் புருஷன் கையைக் கேட்டார் என்று லயத்தில் பேசினார்கள். பேசியவர்களில் ஒருத்தியைக் குழாயடியில் வைத்து அறைந்தேன், அதோடு அந்தப் பேச்சு என் காதுக்கு வருவது நின்றது. பின் வரிசையை இடிக்க வந்த அன்று தம்பி தன் வீட்டில் மெஷினைத் தொடவிடவில்லை. சம்மட்டியை எடுத்துத் தானே அடித்தான். கடைசிச் சுவர் விழும்வரை அடித்தான். நான் முன் வரிசைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன். ஒவ்வொரு அடியும் கேட்டது.

இவருக்கு வலது கையில் புதுக் குழாய் வைத்துப் பழகியபோது புதுக் கட்டடமும் திறந்தார்கள். முதல் நாள் நாங்கள் நடந்தே போனோம். வேனுக்கு இனி வேலையில்லை. ஆனாலும் தம்பி அடுக்குமாடியிலிருந்து வந்து வார்டு வாசலில் நின்றான். யாரும் கூப்பிடவில்லை. உள்ளே வந்து, மாமா நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று ஜன்னல் வழியாக முன் வரிசையைப் பார்த்தான். என் வீட்டுக் கூரையையும் கரண்டுக் கம்பத்தையும் மாறிமாறிப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"அக்கா, இங்கதான் எங்க அடுப்பு இருந்திச்சி."

 அவன் காட்டிய இடத்தை விட்டு நகர்ந்து நின்றேன். அவனை நான் மன்னிக்கவில்லை. அவனும் என்னை மன்னித்திருக்கமாட்டான்.

நேரம் முடிந்து நர்ஸ் ஊசியை எடுத்தாள். பஞ்சை வைத்துவிட்டு, யாராவது பிடியுங்கள் என்றாள். தம்பி குனிந்து கட்டைவிரலை வைத்தான். கொஞ்ச நேரம் கழித்து விரலை எடுக்கப் பார்த்தான்.

"எடுக்காதடா" என்றேன். "இன்னும் கொஞ்சம் அமுக்கு."

கிடா வெட்டிய அந்த நாளுக்குப் பிறகு நான் அவனிடம் பேசியது அதுதான் முதல் தடவை. அவன் எடுக்கவில்லை.