கமலாதேவியின் அறுநூற்றைம்பது

திருகோணமலை லிங்கநகரில் படகு எஞ்சின் திருத்துகிறவர் சின்னராசா என்றுதான் ஊருக்குத் தெரியும். பட்டறைப் பலகையிலும் அவருடைய பெயர்தான். ஆனால் எஞ்சினைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "காபரேட்டரையும் கொயிலையும் அக்காட்டைக் குடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போகிற மீனவர்களே அதிகம். அக்கா என்றது சின்னராசாவின் மனைவி கமலாதேவியை. மயிர் அளவான செப்புக் கம்பியை ஒரு சுற்று மற்றச் சுற்றின்மேல் ஏறாமல் சுற்றுவது அவருடைய வேலை. அதை அவருக்கு யாரும் பழக்கவில்லை. கல்யாணமான புதிதில், எரிந்துபோன ஒரு கொயிலைப் பிரித்து, எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி, அதே எண்ணிக்கையில் புதுக்கம்பியைச் சுற்றிப் பார்த்தார். எஞ்சின் பிடித்தது. அன்றிலிருந்து பதினெட்டு வருஷம்.

இரண்டாயிரத்தோராம் ஆண்டு நடுப்பகுதியில் எஞ்சின்கள் வருவது அநேகமாக நின்றுபோயிற்று. யுத்த காலம்; நேவியின் உத்தரவுப்படி இன்றைக்குக் கடலுக்குப் போகலாம், நாளைக்குப் போகக்கூடாது. விடிந்தபிறகுதான் இறங்கலாம், பொழுதுபடமுன் கரையேறிவிட வேண்டும். ஓடாத எஞ்சின் பழுதாவதில்லை. சின்னராசாவுக்குச் சைக்கிள், தண்ணீர்ப் பம்பு என்று ஏதோ கொஞ்சம் வந்தது. கமலாதேவியின் மேசையில் பூதக்கண்ணாடியும் கம்பிச் சுருளும் தூசி பிடித்துக் கிடந்தன.

அப்படியொரு நாளில்தான் அஸீம் வந்தார். கிண்ணியாக்காரர், பட்டணத்தில் தொலைபேசிக் கடை வைத்திருந்தார். அவருடைய போட்டோக் கொப்பி மெஷினின் மோட்டர் எரிந்தபோது சுற்றிக் கொடுத்தது கமலாதேவி.

"கமலாக்கா, வியாழக்கிழமை கொழும்புக்குப் போறன். கேம் விளையாடுற கொம்பியூட்டர் ஒண்டு போடலாமெண்டு நெனச்சிரிக்கன். பள்ளிக்கூட லீவுக்குள்ள கார் ரேஸ் ஓடோணும். பெரிய புரொசெசர் என்ட கைக்கு எட்டாது. மலிஞ்சதுல நல்லது எதெண்டு இதைப் பாத்துச் சொல்லுங்க."

அவர் நீட்டியது இணையத்திலிருந்து அச்சடித்த ஆறு தாள்கள். எல்லாம் ஆங்கிலம்.

"கொம்பியூட்டரைப் பற்றி எனக்கென்ன தெரியும், தம்பி?"

"போட்டோக் கொப்பி மெஷினைப் பத்தியும் ஒண்டும் தெரியாதெண்டுதானே சொன்னீங்க."

கமலாதேவி இரண்டு நாள் அகராதியோடு இருந்தார். குசினியில் பருப்பு அடிப்பிடித்தது ஒருமுறை. சின்னராசா எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, சோதினைக்குப் படிக்கிறீரோ?"

"இஞ்சை வாங்கோ. எங்கட பத்துக் குதிரைக் கதைதான் இதிலையும் இருக்கு."

படகு எஞ்சின் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் உரக்கப் பேசாத ஒரு விஷயம் அது. சில வகைகளில், பத்துக் குதிரை வலு என்று ஒட்டி வருகிற எஞ்சினும் பதினைந்து என்று ஒட்டி வருகிற எஞ்சினும் ஒரே உடம்புதான். சின்னதற்குக் காபரேட்டரின் வாய் ஒடுக்கம். அதை மாற்றிவிட்டால் பத்து பதினைந்தாகும். ஆனால் வலுக்கூடின எஞ்சினுக்குக் கடலில் அனுமதியில்லாத காலம். "ஒருக்காத் திறந்து விடுங்கோவன், அண்ணை" என்று கேட்டு வந்த எவருக்கும் சின்னராசா செய்து கொடுத்ததில்லை. பிடிபட்டால் போவது எஞ்சின் மட்டுமல்ல. அந்த ஒடுக்கமான வாயைத் துப்புரவாக்குகிற ஒவ்வொரு முறையும் கமலாதேவிக்குக் கை குறுகுறுக்கும். திறந்தால் எப்படி ஓடும்? எங்கே சூடேறும்? எந்தப் பாகம் முதலில் கைவிடும்? பத்து வருஷமாக அந்தக் கேள்வி கேள்வியாகவே கிடந்தது.

இப்போது அந்தத் தாள்கள் சொன்னது இதுதான். டூரோன் என்று ஒரு மலிவுப் புரொசெசர். ஒரே வார்ப்பில் செய்து, சோதித்துப் பார்த்து, அறுநூறு, அறுநூற்றைம்பது, எழுநூறு மெகாஹேட்ஸ் என்று வேகம் குறித்து விற்கிறார்கள். குறித்த வேகத்தை மாற்றாதபடி அதன் முகத்திலுள்ள நாலு சின்னஞ்சிறு இணைப்புகளை வெட்டி விட்டிருக்கும். வெட்டின இடத்தைப் பென்சிலால் கோடு போட்டு இணைத்தால் பூட்டுத் திறக்கும்.

"பென்சிலாலையோ?" சின்னராசா சிரித்தார். "பிறகு அழிறப்பரால அழிச்சால் பூட்டுமாக்கும்."

"ஓம், அப்பிடித்தான் போட்டிருக்கு. சிரிக்காதேங்கோ. ஸ்ராட்டர் மோட்டருக்குள்ள கிடக்கிற கரிக்கட்டையால மின்சாரம் ஓடேல்லையே? பென்சிலும் கரிதான்."

சின்னராசா சிரிப்பை நிறுத்திவிட்டுத் தாளை வாங்கிப் பார்த்தார். "இதுக்கு நேவியிட்டை பாஸ் எடுக்கத் தேவையில்லையோ?" என்று மட்டும் கேட்டார்.

"தேவையில்லை," என்றார் கமலாதேவி. அந்தச் சொல் அவருக்கே இனித்தது.

புதன்கிழமை அஸீம் பதில் கேட்டு வந்தார். அவர் மனதில் இருந்தது செலரோன் என்ற இன்னொரு மலிவுப் புரொசெசர். கொழும்பில் எல்லோரும் அறிந்த பெயர்.

"அதுகும் கெட்டிதான், தம்பி. ஆனா அதுக்குச் சாமான் வந்துபோற பாதை ஒடுக்கம். அதில அறுபத்தாறு, இதில நூறு. பெரிய எஞ்சினுக்குச் சின்ன எண்ணெய்க் குழாய் பூட்டினமாதிரி. டூரோன் அறுநூற்றைம்பது எடுங்கோ. மதர்போர்ட் எடுக்கேக்கை, வேகம் மாத்திற சின்னச் சுவிச்சு வரிசை இருக்கோ எண்டு பாருங்கோ. அது இல்லாட்டி எல்லாம் வீண்."

அஸீம் தாடையைத் தடவினார். "கமலாக்கா, வெளிப்படையாச் சொல்றன். இது நல்லா ஓடினா இன்னும் அஞ்சு போடுவன். அஞ்சையும் பொருத்திப் பூட்டுறது நீங்கதான், பிறகு பழுது பாக்கிறதும் நீங்கதான். ஓடல்லண்டா கொழும்புல பொருத்தின பெட்டியாவே எடுப்பன். கோவிக்கப்படாது."

"கோவம் என்னத்துக்கு?" என்றார் கமலாதேவி. அஸீம் போனபிறகு தூசி பிடித்த மேசையைத் துடைத்து வைத்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சாமான் வந்தது. வழியில் மூன்று இடத்தில் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டியிருந்ததாம். ஒரு சிப்பாய் புரொசெசரின் விசிறியை விரலால் சுழற்றிப் பார்த்து, இது எதற்கு என்று கேட்டானாம். சூட்டுக்கு என்றிருக்கிறார் அஸீம். "திருகோணமலைச் சூட்டுக்கு இது காணுமா?" என்று சொல்லிச் சிரித்து விட்டுவிட்டானாம்.

சனிக்கிழமை காலை கடையில் கேம் தொடங்குகிறது என்று அஸீம் ஏற்கெனவே கண்ணாடியில் எழுதி ஒட்டியிருந்தார்.

முதலில் கமலாதேவி எதையும் மாற்றாமல் பூட்டி, அறுநூற்றைம்பதிலேயே ஓட்டிப் பார்த்தார். தெரியாத எஞ்சினை முதலில் வந்தபடியே ஓட்டிக் கேட்பது அவருடைய வழக்கம். கார் ஓடியது. ஆனால் பத்துக் கார் ஒன்றாகத் திரும்புகிற வளைவில் படம் விக்கியது. விக்கி முடிந்து பார்த்தால் கார் மதிலில் நின்றது. இந்த விக்கலுக்குக் காசு கொடுத்து யாரும் விளையாட மாட்டார்கள்.

புதன்கிழமை காலை, வெளிச்சம் நேராக விழுகிற நேரத்தில், புரொசெசரைக் கழற்றிப் பூதக்கண்ணாடியின் கீழே வைத்தார். முத்திரை அளவான மண்ணிறத் தட்டு. நடுவே விரல் நகமளவில் பளபளப்பான ஒரு கட்டி. வேலை செய்வதெல்லாம் அந்தக் கட்டிதான். அதன்மேல், எந்தத் தொகுதியில் செய்தது என்று காட்ட அச்சடித்திருந்த எழுத்துகளை முதலில் கொப்பியில் பார்த்தெழுதினார். பிறகு பென்சிலை ஊசிபோலச் சீவி, நாலு வெட்டையும் ஒன்றொன்றாக நிரப்பினார். ஒரு கோடு பக்கத்துக் கோட்டைத் தொட்டால் காரியம் கெட்டுவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு கோடு, மூச்சை விட்டுவிட்டு மின்சாரம் அளக்கிற மீற்றரால் சோதனை. நாலும் சரி.

மேலே அலுமினிய இறகுக் கட்டியையும் விசிறியையும் பூட்டமுன், இரண்டுக்கும் இடையில் வெள்ளைப் பசை பூச வேண்டும் என்று தாளில் இருந்தது. பசை சின்னக் குழாயில் வந்திருந்தது. நன்றாகப் பூசினார். சுவிச்சுகளை மாற்றி எண்ணூற்றைம்பதில் வைத்தார்.

எழும்பியது! அதே வளைவில் பத்துக் காரும் வெண்ணெயில் கத்தி போனதுபோலத் திரும்பின. சின்னராசா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஐந்தாவது நிமிஷம் படம் அப்படியே உறைந்தது.

திரும்பப் போட்டால் திரும்ப ஐந்து நிமிஷம். பட்டணத்து மின்சாரம் இறங்கி ஏறுவதால் இருக்குமோ என்று மீற்றரைப் பிடித்துப் பார்த்தார்; இல்லை. புரொசெசருக்குப் போகிற மின்னழுத்தத்தை ஒரு படி கூட்டினார். இப்போது மூன்றே நிமிஷம். வேகத்தை எண்ணூற்றுக்குக் குறைத்தார், பத்து நிமிஷம். திரையில் சூடு காட்டுகிற பக்கத்தைத் திறந்தால் எழுபத்தொன்பது பாகை என்றது.

வெள்ளிக்கிழமை முற்பகல் அஸீம் வந்தபோதும் படம் உறைந்தே நின்றது.

"கமலாக்கா, பழையபடி அறுநூற்றைம்பதுல விடுங்க. விக்கினாலும் ஓடுதுதானே. மத்த அஞ்சையும் பிறகு பாப்பம்."

பிறகு பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று கமலாதேவிக்குத் தெரியும்.

"பின்னேரம் மட்டும் பொறுங்கோ, தம்பி."

அஸீம் போனபிறகு கமலாதேவி மெஷினைத் திரும்பப் போட்டு, அது உறையும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். சூடு எழுபத்தெட்டு. திறந்திருந்த பெட்டிக்குள் கையை விட்டு அலுமினிய இறகுகளைத் தொட்டார். சுடும் என்று நினைத்துத் தொட்ட விரல் அப்படியே நின்றது.

"இஞ்சருங்கோ, இதைத் தொட்டுப் பாருங்கோ."

சின்னராசா தொட்டார். "குளிராயெல்லோ கிடக்கு."

"உள்ளை எழுபத்தெட்டு. வெளியாலை குளிர். எங்கட எஞ்சின் இப்பிடி வந்தால் என்ன சொல்லுவியள்?"

ஓடுகிற படகு எஞ்சினின் பக்கத்திலிருந்து, அதைக் குளிரவைத்துவிட்டு வருகிற தண்ணீர் மெல்லிசாகப் பீச்சும். அது இளஞ்சூடாக வந்தால் எல்லாம் நலம். எஞ்சின் தலை கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் குளிராக வந்தால்?

"தண்ணி தலையைத் தொடேல்லை," என்றார் சின்னராசா. "இடையில எங்கையோ அடைச்சிருக்கு."

கமலாதேவி விசிறியைக் கழற்றி அலுமினியக் கட்டியைத் தூக்கினார். அது லேசில் வரவில்லை. சேற்றிலிருந்து காலை எடுப்பதுபோலச் சத்தத்தோடு வந்தது. நகமளவான கட்டியைச் சுற்றி நாலு பக்கமும் வெள்ளைப் பசை பிதுங்கிக் கிடந்தது. நடுவில் ரொட்டிக்கு மாஜரீன் பூசியதுபோல ஒரு தடிப்பு. பதினெட்டு வருஷப் பழக்கம். பேரிங்குக்குக் கிறீஸ் அடைப்பதென்றால் இடைவெளி விடாமல் நெருக்கி அடைக்க வேண்டும், குறைந்தால் எரிந்துவிடும். கை தன்பாட்டில் அதையே இங்கும் செய்திருந்தது. இது வழுக்குவதற்கான கிறீஸ் இல்லை. இரண்டு உலோகங்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களை மட்டும் நிரப்ப வேண்டிய பசை. கூடினால் அதுவே சூட்டைப் போகவிடாத போர்வை.

"கிறீஸ்காரி," என்றார் சின்னராசா.

"ஆருடைய பட்டறையிலை பழகினது?" என்றார் கமலாதேவி.

பழைய பெனியன் துணியில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தார். துடைத்ததில் ஒரு பென்சில் கோடு மங்கியிருந்ததை மீற்றர் காட்டிக் கொடுத்தது. அதைத் திரும்பப் போட்டார். இந்த முறை கடுகளவு பசை. கட்டியின்மேல் அச்சடித்த எழுத்துகள் பசைக்கூடாக மங்கலாகத் தெரியும்படி தடவினார். கூட்டின மின்னழுத்தத்தைப் பழையபடி குறைத்து, எண்ணூற்றைம்பதில் போட்டார்.

ஐந்து நிமிஷம் போனது. பத்து. இறகுகளைத் தொட்டால் நன்றாகச் சுட்டது. அந்தச் சூட்டைத் தொட்டதில் இப்படியொரு சந்தோஷம் வரும் என்று கமலாதேவி நினைத்திருக்கவில்லை. சூடு ஐம்பத்தாறு பாகை. ஒரு மணித்தியாலம் கழித்தும் ஐம்பத்தாறு.

பிறகு அவர் தொள்ளாயிரத்தில் வைத்துப் பார்த்தார். அஸீமுக்காக அல்ல, பத்து வருஷக் கேள்விக்காக. ஓடியது. தொள்ளாயிரத்தைம்பதில் எழும்பவே மறுத்தது. ஆக, இதன் கடைசி எல்லை அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ. கொப்பியில் எழுதிக்கொண்டு, சுவிச்சுகளை எண்ணூற்றில் வைத்துப் பெட்டியை மூடினார்.

சனிக்கிழமை காலை, கடை திறக்கமுன் அஸீம் தானே ஓட்டிப் பார்த்தார். பத்துக் கார் வளைவில் படம் விக்கவில்லை. ஆனாலும் அவருடைய கார் மதிலில் மோதியது.

"இது கொம்பியூட்டர்ர பிழையில்ல," என்றார் அவசரமாக.

"இல்லை. சாரதி சரியில்லை," என்றார் சின்னராசா.

"தொள்ளாயிரமும் ஓடுமெண்டீங்களே, கமலாக்கா. பிறகு ஏன் எண்ணூறு?"

"உங்கட கடைக்குள்ள பின்னேரம் மூண்டு மணிக்கு என்ன வெக்கை எண்டு தெரியுமே, தம்பி? போற வேகம் மாத்திரம் காணாது, திரும்பிக் கரைக்கு வரவும் வேணும்."

அஸீம் மேசை லாச்சியிலிருந்து தாளொன்றை எடுத்து அவர்முன் வைத்தார். "அஞ்சுக்கும் என்னென்ன வேணுமெண்டு எழுதுங்க. வாற வியாழன் போறன்."

கமலாதேவி எழுதினார். அதே மதர்போர்ட் ஐந்து. டூரோன் அறுநூற்றைம்பது ஐந்து. கீழே, கட்டியின்மேல் பார்த்தெழுதி வைத்த எழுத்துகளைக் கொப்பியிலிருந்து பிழையில்லாமல் பெயர்த்தெழுதினார்.

"கடையில சாமானைத் திறந்து காட்டச் சொல்லி இந்த எழுத்து இருக்கிறதாப் பாத்து எடுங்கோ. அப்பிடி எடுத்தாலும் அஞ்சும் ஒரேமாதிரி ஓடாது. ஒவ்வொண்டையும் கேட்டுத்தான் வைக்கோணும்."

"சரி. அந்த வெள்ளைப் பசை? அஞ்சு குழாய் போடுங்க."

கமலாதேவி கைப்பையிலிருந்து பழைய குழாயை எடுத்தார். நன்றாக நசுங்கிப் போயிருந்தது. அடியில் கடலையளவு மிச்சம்.

"வேண்டாம். இது அஞ்சுக்கும் காணும்," என்றார்.