நான்கு துப்பாக்கி, இரண்டு கட்டம்

சட்டைப் பையின் வாயில் குத்தியிருக்கும் சேஃப்டி பின்னைக் கழற்றி உதடுகளுக்கு நடுவே வைத்துக்கொள்கிறார் அம்மையப்பன். நான்காக மடித்த காகிதத்தை எடுத்து என் மேசைமேல் விரித்து, மடிப்புகளைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக நீவுகிறார். அவசரமே கிடையாது. பின்னை வாயில் வைத்தபடியே பேசுகிறார். "பாய், நேத்து குடுத்தது வேணாங்க. அர்பாப் மாத்தச் சொல்றாரு." இது ஏழாவது முறை.

அஜ்மானில் டைப்பிங் சென்டர் வைத்திருக்கிறேன். விசா, வாடகை ஒப்பந்தம், கார் பெயர் மாற்றம் என்று அரபியில் அடித்துக் கொடுக்க வேண்டியது எதுவானாலும் ஜனங்கள் எங்களைப் போன்றவர்களிடம்தான் வருவார்கள். பதினாறு வருடத்தில் எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று. பிள்ளைக்கு விசா அடித்துக்கொண்டிருக்கும்போது, வேறு பெயர் வைத்திருக்கலாமோ என்று என் எதிரிலேயே சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி உண்டு. ஆனால் அம்மையப்பனைப் போல என் பொறுமையைச் சோதித்த மனிதர் இன்னொருவர் இல்லை. இருந்தால் அவர் வேறு சென்டருக்குப் போகட்டும்.

ஊர் பெரம்பலூர் பக்கம் வேப்பந்தட்டை. வயது ஐம்பத்து மூன்று. விசாவில் வேலை டிரைவர் என்றிருக்கிறது. எண்பதைத் தாண்டிய ஓர் அரபிப் பெரியவரின் வீட்டில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறார். அந்தப் பெரியவர்தான் அர்பாப், அதாவது முதலாளி. கார் ஓட்டுவது அதில் கால்வாசி வேலைதான். ஆட்டுக்குத் தீவனம் வாங்குவது, மஜ்லிஸ் கூடத்தில் வந்து உட்காருகிறவர்களுக்குக் காவா என்கிற அரபிக் காபி ஊற்றுவது, பெரியவருக்கு மூன்று வேளையும் மாத்திரை எடுத்துக் கொடுப்பது, அவர் கண்ணாடியை எங்கே வைத்தார் என்று தேடுவது, எல்லாம் இவர்தான். பெரியவரின் மனைவி காலமாகி ஆறு வருடம் ஆகிறது. பிள்ளைகள் துபாயில் தனித்தனி வீடுகளில் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் சாப்பிட வருவார்கள்.

அந்த வீட்டைப் பற்றிப் பேசும்போது இவர் வாயில் 'நாம்' தவிர வேறு சொல் வராது. "நமக்கு நேத்து பிரஷர் கூடிப்போச்சுங்க பாய்" என்றால் பிரஷர் கூடியது பெரியவருக்கு. "நாம இப்பல்லாம் ஈச்சம்பழம் தின்றதில்லீங்க, சுகர்." இவருக்குச் சர்க்கரை இல்லை. ஆனாலும் தின்பதில்லை.

சொந்தமாக ஓர் அபிப்பிராயம் சொல்லி நான் கேட்டதில்லை. டீயா காபியா என்றால், "எதுனாலும் சரிங்க." வெளியே வெயில் கொளுத்துகிறதா என்றால், "இன்னிக்கி பரவால்லன்னு அர்பாப் சொன்னாருங்க." சட்டை முதுகோடு ஒட்டி, நெற்றியிலிருந்து வியர்வை சொட்டிக்கொண்டிருக்கும். அப்போதும் பரவாயில்லைதான். பாத்திரத்தில் ஊற்றிய தண்ணீரைப் போல எந்த அர்பாபுக்கும் பொருந்திப்போகிற ஆள். அதனால்தான் இருபத்திரண்டு வருடம் தாக்குப்பிடித்திருக்கிறார் என்று நான் கொஞ்சம் ஏளனமாகவே நினைத்ததுண்டு.

விஷயம் இதுதான். பெரியவரிடம் கைத்துப்பாக்கி லைசென்ஸ் இருக்கிறது. வெளியே போகும்போது கந்தூரா என்கிற நீள அங்கிக்குள் இடுப்பில் மறைத்து வைத்துக்கொள்ளும் அனுமதி. வியாழக்கிழமையோடு முடிகிறது. புதுப்பிக்கிற படிவத்தில் எந்தெந்தத் துப்பாக்கி என்று எழுத இரண்டு கட்டங்கள். வீட்டு அலமாரியில் இருப்பதோ நான்கு. கட்டத்தில் ஏறாத இரண்டையும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும்.

நான்கையும் அம்மையப்பன் வீட்டு மனிதர்களைச் சொல்வதுபோலத்தான் சொல்வார். பெரியவரின் தகப்பனார் காலத்து ரிவால்வர், 'பெரியப்பா'. தம்பி பரிசாகக் கொடுத்த வெள்ளிநிற பிஸ்டல், 'தம்பி'. உள்ளங்கையில் அடங்குகிற சின்னது, 'குட்டி'. பெரியவர் இப்போது இடுப்பில் வைத்துக்கொள்ளும் புதிய பிஸ்டல், 'கருப்பு'. முதல் நாள் கருப்பும் தம்பியும் என்று எழுதிக்கொண்டு வந்தார். அடித்துக் கொடுத்தேன். மறுநாள் தம்பி வேண்டாம், கருப்பும் பெரியப்பாவும். அதற்கடுத்து பெரியப்பாவும் குட்டியும். சரி, இதோடு தீர்ந்தது என்று பெருமூச்சு விட்டால், மாலையே வந்து "கருப்பு இல்லாம எப்படிங்க பாய்?" என்று என்னையே கேட்கிறார். எனக்கு என்ன தெரியும்? நான் துப்பாக்கியைப் பார்த்தது சினிமாவில்.

ஒவ்வொரு துப்பாக்கிக்கும் கம்பெனி பெயர், அளவு, நீளமாக ஒரு சீரியல் நம்பர். ஒன்றை மாற்றினால் எல்லாவற்றையும் மாற்றி அடிக்க வேண்டும். அடித்த பிறகு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, காகிதத்தையும் திரையையும் மாறிமாறிப் பார்த்து, எண்களை ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசிப்பார். விசிட் விசாவுக்கு வந்தவர்கள் வரிசையில் நெளிவார்கள். கடைசி எண் வரை வாசித்து முடித்து, "அர்பாப்கிட்ட ஒருவாட்டி காட்டிட்டு வந்துர்றேங்க" என்று எழுந்துவிடுவார். எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கும்.

இத்தனைக்கும் அவசரம் அவருக்குத்தான். வெள்ளிக்கிழமை காலை ஷார்ஜாவிலிருந்து திருச்சிக்கு டிக்கெட். ஞாயிற்றுக்கிழமை மகள் சந்தியாவுக்கு வளைகாப்பு. மகள் பெரியவளானபோது இவர் இங்கே. கல்யாணத்துக்குப் போனவர் எட்டாம் நாள் திரும்பிவிட்டார், பெரியவருக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டதென்று. இந்த முறை ஒரு மாதம் லீவு. லைசென்ஸ் வேலையை முடித்துவிட்டுப் போ என்பது மட்டும்தான் பெரியவர் சொன்ன நிபந்தனை.

செவ்வாய்க்கிழமை என் மேசை எதிரில் இருக்கும்போதே அவர் மனைவி சுந்தராம்பாள் வீடியோ காலில் வந்தார். "வர்றீங்களா இல்லியா? சம்பந்தி வூட்டுல கேக்குறாங்க. நாளைக்கி நாளைக்கின்னா நான் என்னாத்தச் சொல்றது?"

"அர்பாப் இன்னும் முடிவு பண்ணலம்மா."

"அந்த மனுசன் முடிவு பண்றதுக்குள்ள புள்ளையே பொறந்துரும்!"

போன் அணைந்தது. அம்மையப்பன் காகிதத்தை மறுபடி நீவ ஆரம்பித்தார். கருப்பைக் கோடிட்டு அடித்துவிட்டு தம்பி, தம்பியை அடித்துவிட்டு மறுபடி கருப்பு. எனக்குப் பொறுக்கவில்லை.

"இங்க பாரும், உம்ம அர்பாபுக்கு நானே போன் போடுறேன். மனசுல என்னதான் நெனச்சிக்கிட்டு இருக்காருன்னு கேட்டுர்றேன்."

"வேணாங்க பாய், வேணாங்க. தூங்குற நேரம்."

படிவத்தில் நம்பர் இருந்தது. போட்டுவிட்டேன். பெரியவர் தூங்கவில்லை. குரல் நன்றாகத்தான் இருந்தது. "எனக்கு எதையும் விட மனமில்லை. அதனால் மூன்று வாரத்துக்கு முன்பே அவனிடம் சொல்லிவிட்டேன், நீயே பார்த்து எழுதிவிடு, கலாஸ், அதோடு முடிந்தது என்று. இன்னுமா அவன் முடிக்கவில்லை?"

போனை வைத்துவிட்டு அம்மையப்பனைப் பார்த்தேன். அவர் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைக்கப் பார்த்தார்.

வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். மூன்று வாரமாக என் உயிரை வாங்கியது இவர்தானா? அர்பாப் சொல்றாரு, அர்பாப் சொல்றாரு என்று சொன்னதெல்லாம் பொய்யா? இரண்டு பெயரை எழுதத் துப்பில்லாமல் பெற்ற பெண்ணின் வளைகாப்பைக் கெடுத்துக்கொள்கிற மனிதர் உலகத்தில் உண்டா? வரிசையில் இருந்தவர்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். இந்த மனிதருக்கு முதுகெலும்பு என்று ஒன்றை ஆண்டவன் வைத்தானா இல்லையா என்றுகூடக் கேட்டுவிட்டேன்.

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"ரெண்டு மாசம் இருக்குங்க பாய். மத்தியானம் சாப்புட்டு சோபாவுலயே கண்ணசந்துட்டாரு. பெரிய மக சொல்லாம பின்வாசல் வழியா வந்துச்சு, புது மருந்து வாங்கிக் குடுக்க. கறுப்பு அபாயாவுல நிக்குதுங்களா, முழிச்சவருக்கு யாருன்னு தெரியல. கருப்ப உருவிட்டாரு. கையி வேற நடுங்குது. மகளப் பாத்து நீட்டிக்கிட்டு, யாரு யாருன்னு கேக்குறாரு. அது பேச்சே வராம நிக்குது. நான் காவாத் தட்டோட குறுக்க போயி நின்னுக்கிட்டு, 'அர்பாப், காவா'ன்னேன். அப்பறந்தான் கைய எறக்குனாரு."

"பிள்ளைங்களுக்குச் சொன்னீரா?"

"மக அழுதுக்கிட்டே யாருக்கும் சொல்லாதன்னுட்டுப் போயிருச்சு. பசங்களுக்குத் தெரிஞ்சா எல்லாத்தையும் புடுங்கிட்டு அவர ரூமுல ஒக்கார வச்சிருவாங்க. மஜ்லிஸுக்கு நாலு பேரு வந்து நாயம் கேக்குற மனுசங்க. அத என்னால பாக்க முடியாது." மூக்கை உறிஞ்சினார். "கருப்பும் தம்பியும் சுடும். பெரியப்பாவுக்குத் தோட்டாவே கெடையாது. குட்டிக்கு உள்ள ஸ்பிரிங் ஒடஞ்சி ரொம்ப நாளாச்சி. கருப்ப எழுதிட்டா எனக்குப் பிளைட்டுல ஒக்கார முடியாது, ஒரு மாசம் அங்க குறுக்க நிக்க ஆளு கெடையாது. கருப்ப எழுதலன்னா, 'என் சாமான எடுத்துக் குடுக்க நீ யாரு'ன்னு ஒரு வார்த்த கேட்டுட்டாருன்னா? இருவத்திரண்டு வருசத்துல அவரு என்னய அப்படிக் கேட்டதில்லீங்க."

எனக்கு வெட்கமாக இருந்தது. முதுகெலும்பைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டாம். ஆனால் எரிச்சலும் போகவில்லை, பொய் சொல்வானேன். மூன்று வாரத்துக்கு முன்பே இதை என்னிடம் சொல்லித் தொலைத்திருந்தால் என்ன?

"எழுதும்" என்றேன்.

பேனாவை வாங்கிப் புதுக் காகிதத்தில் எழுதினார். பெரியப்பா. குட்டி. எழுதி முடித்து வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மாற்றிவிடப் போகிறாரே என்று பயந்து, காகிதத்தை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு வாசலில் ஹாரன் கேட்டது. இந்த ஊரில் பெரிய மனிதர்கள் கடைக்குள் இறங்கி வரமாட்டார்கள். காரிலிருந்து ஹாரன் அடித்தால் டீ ஆனாலும் படிவம் ஆனாலும் நாம்தான் கொண்டுபோக வேண்டும். படிவத்தை எடுத்துக்கொண்டு வெயிலில் ஓடினேன். ஸ்டியரிங்கில் அம்மையப்பன். பக்கத்து சீட்டில் பெரியவர், மெலிந்த, அழகான மனிதர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். மறுபடி மேலிருந்து வாசித்தார்.

"இது என் தகப்பனாருடையது. சுடாது. இதுவும் சுடாது." இடுப்பைத் தொட்டுக்கொண்டார். "என்னுடையது எங்கே? இதை எழுதியது யார்?"

எங்கள் தொழிலில் யார் தப்புச் செய்தாலும் டைப்பிங் மிஸ்டேக் என்று எங்கள் தலையில்தான் விடியும். பழகிப்போனது. அம்மையப்பன் சமாளிக்கமாட்டார் என்று நினைத்து, என் தப்பு என்று சொல்ல நானே வாயைத் திறந்துவிட்டேன்.

"அனா" என்றார் அம்மையப்பன். நான். இரண்டு கைகளும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தன. முகம் எதிரே நின்ற தண்ணீர் லாரியைப் பார்த்தபடி இருந்தது. "நான்தான் எழுதினேன், அர்பாப்."

பின்னால் வழி கேட்டு ஒருவன் ஹாரன் அடித்தான், யாரும் திரும்பவில்லை. பெரியவர் கண்ணாடியைக் கழற்றி அம்மையப்பனை ரொம்ப நேரம் பார்த்தார். அந்த மத்தியானத்தை அவர் மறக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ஊரில் எத்தனை நாள் இருப்பாய்?"

"முப்பது நாள், அர்பாப்."

பெரியவர் என்னிடம் பேனாவுக்குக் கை நீட்டினார். படிவத்தைத் தொடைமேல் வைத்துக்கொண்டார். விரல்கள் நடுங்கின, காகிதம் வழுவழுப்பான கந்தூராவில் நழுவி நழுவிப் போயிற்று. அம்மையப்பன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். உள்ளங்கையை விரித்துக் காகிதத்துக்கு அடியில் பலகைபோல் கொடுத்து, கையெழுத்து முடிகிற வரையில் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.