மடியில் இருந்த திறப்பு

என் தங்கையின் மகன் சுகந்தன் இரண்டு கண்களிலும் கட்டுடன் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். பார்வை திரும்புமா என்று கேட்டேன். "கட்டை அவிழ்த்துப் பார்த்துத்தான் சொல்லலாம்" என்றார் வைத்தியர். அதற்கு நான்கு நாள் இருந்தது. எங்கள் பிள்ளையார் கோயில் அடியார்கள் பலருக்கு இந்தக் கதையில் பாதி தெரியும். தெரியாத பாதி என்னைப் பற்றியது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எனக்கு வயது அறுபத்தொன்பது. விஞ்ஞானப் பட்டதாரி. கொழும்பில் குளிர்க் களஞ்சியங்களில் முப்பது ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்று ஊருக்கு வந்தவன். போருக்குப் பிறகு மயிலிட்டிப் பக்கம் சனம் மீளக் குடியேறி, துறைமுகத்தில் படகுகள் பெருகியபோது, ஒரு முதலாளி அங்கே சிறிய ஐஸ் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார். என்னை முகாமையாளராக இருக்கச் சொன்னார். தண்ணீரை உறைய வைக்க அங்கே குழாய்களில் ஓடுவது அமோனியா. குழாயை விட்டு வெளியே வந்தால் கண்ணையும் மூச்சையும் எரித்துவிடும். அந்த இடத்தில் இதை என்னைவிட நன்றாக அறிந்தவர் எவருமில்லை. என் குற்றம் பெரிதாவதும் அதனால்தான்.

போன ஆண்டு சித்திரை கழிந்ததும் இயந்திரத்தை இயக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. நேர்முகத் தேர்வுக்குக் கேள்விகள் எழுதியவன் நான். தேர்வுக் குழுவுக்குத் தலைவனும் நான். விண்ணப்பித்தவர்களில் ஒருவன் சுகந்தன். அவன் தாய், என் தங்கை யோகம், தினமும் வந்து சொன்னாள்.

"அண்ணை, நீங்கள் இருக்கிற இடத்திலையே அவனுக்கு ஒரு வேலை இல்லையெண்டால் வேறை ஆர் குடுப்பினம்?"

நான் கேள்விகளை ஒரு தாளிலும் விடைகளை இன்னொரு தாளிலும் எழுதி அவனிடம் கொடுத்தேன். ஒரு கிழமை முழுவதும் இருந்து பாடமாக்கினான். அதோடும் நான் நிற்கவில்லை. நேர்முகத் தேர்வன்று காலை அந்தத் தாள்களை ஒரு கடித உறையில் போட்டுக் கோயிலுக்குக் கொண்டுபோனேன். ஐயரிடம் கொடுத்துப் பிள்ளையாரின் காலடியில் வைப்பித்து, அவன் பெயரும் நட்சத்திரமும் சொல்லி அருச்சனை செய்வித்தேன். விண்ணப்பப் படிவத்தையும் பேனையையும் அப்படி வைத்து எடுப்பது எங்கள் ஊர் வழக்கம். நான் வைத்தது களவு. ஐயர் அறியாமல் அதற்கும் பூ வைத்துத் தந்தார்.

அன்று வந்தவர்களில் தவமலர் என்ற பெண்ணும் இருந்தாள். எங்கள் தொழிற்சாலையிலேயே இரண்டு ஆண்டாக ஐஸ் உடைத்து மீன் பெட்டிகளில் அடுக்கும் வேலை செய்தவள். அதற்கு முன் தெற்கே ஒரு மீன் பதனிடும் தொழிற்சாலையில் இயந்திர அறையில் வேலை பழகியவள். நான் அவளிடம் முதல் கேள்வியைக் கேட்டேன்.

"காஸ் கசிஞ்சால் நீர் முதல் என்ன செய்வீர்?"

"காத்தைப் பார்ப்பன் ஐயா. சோளகமோ வாடையோ எண்டு பார்த்துத்தான் எந்தப் பக்கம் ஓடுறதெண்டு சொல்லலாம். பிறகு மாஸ்க் எடுக்கவேணும். ஆனா இஞ்சை எடுக்கேலாது."

"ஏன் ஏலாது?"

"அது உங்கடை அறையிலை அலுமாரிக்கை கிடக்குது. திறப்பு உங்கடை மடியிலை கிடக்குது."

கூட இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சொன்னது உண்மை. அந்த வாயு முகமூடி களவு போய்விடும் என்று நான்தான் பூட்டி, சாவியை வேட்டி மடியில் செருகி வைத்திருந்தேன். ஆயுத பூசையன்று வெளியே எடுத்துச் சந்தனப் பொட்டு வைத்துக் கும்பிட்டுவிட்டு மறுபடியும் உள்ளே வைத்துப் பூட்டுவேன். ஒருநாளும் எவருக்கும் அதை அணியப் பழக்கியதில்லை. ஆனால் அவளுடைய தாளில், "பணிவு போதாது" என்று எழுதினேன். புள்ளியையும் குறைத்தேன்.

சுகந்தன் வந்தான். நான் கேள்வியை முடிக்குமுன்பே, "அமோனியாக் கசிவு ஏற்படின் பணியாளர் அனைவரும் காற்று வரும் திசையை நோக்கி..." என்று வானொலிச் செய்தி வாசிப்பதுபோல் ஒப்புவித்தான். வேலை அவனுக்குக் கிடைத்தது. யோகம் பொங்கல் பொங்கினாள்.

ஆவணி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. நான் கோயிலில் நின்றேன். கோயில் தொழிற்சாலைக்குப் பக்கத்து ஒழுங்கையில்தான் இருக்கிறது. தீபாராதனைக்கு மணி அடிக்கும் நேரம் தொலைபேசி அதிர்ந்தது. சுகந்தன்.

"மாமா, இண்டைக்கு மெசினிலை எண்ணெய் வடிக்கவேணும். மாஸ்க் போட்டுத்தான் செய்யவேணுமெண்டு சொன்னனீங்கள். திறப்பு?"

"திறப்பு என்னட்டைக் கிடக்குது. பூசை முடிய வாறன்."

"அப்ப நிக்கட்டோ?"

நான் சொன்ன பதிலை இன்றுவரை மறக்கவில்லை. "படகுகள் ஐஸுக்குக் காத்துக்கொண்டு நிக்கும். நீ வடி. பிள்ளையார் பார்ப்பார்."

நான் செய்யவேண்டியதைச் சாமியின் தலையில் வைத்துவிட்டுக் கையைக் கூப்பினேன்.

திருநீறு வாங்கும்போது சத்தம் கேட்டது. ஓடினேன். ஒழுங்கை முடக்கில் திரும்பும்போதே கண் எரிந்தது. எண்ணெய் வடிக்கும் வால்வு திறந்தபடி இறுகிவிட, அமோனியா சீறிக்கொண்டு வந்திருக்கிறது. சுகந்தன் இயந்திர அறைக்குள் அகப்பட்டுக்கொண்டான். வெளியே நின்றவர்கள் எல்லோரும், கடற்கரைச் சனம் எந்த ஆபத்துக்கும் ஓடுவதுபோல, கடல் பக்கம் ஓடினார்கள். அது சோளகம் என்ற தென்காற்றின் காலம். காற்று தரையிலிருந்து கடலுக்கு அடித்தது. வாயுவும் அவர்களுக்குப் பின்னாலேயே போனது.

தவமலரின் குரல்தான் கேட்டது. "கடலுக்கு ஓடாதையுங்கோ. சோளகம் அங்காலைதான் தள்ளுது. றோட்டுப் பக்கம் வாங்கோ. இஞ்சாலை."

சனம் திரும்பியது. நான் மடியிலிருந்து திறப்பை எடுத்துக்கொண்டு அறைக்கு ஓடினேன். அலுமாரி ஏற்கெனவே உடைந்து கிடந்தது. ஐஸ் உடைக்கும் கம்பியால் அவள் நெம்பியிருக்கிறாள். முகமூடியை அணிந்து, இடுப்பில் கயிறு கட்டி, அதை இரண்டு பேரிடம் கொடுத்து, இன்னொருவரை வாசலில் நின்று குழாயால் தண்ணீர் அடிக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நானும் உள்ளே பாயப் போனேன். கயிறு பிடித்தவர்களில் ஒருவர் என்னைத் தள்ளிவிட்டார். "இன்னொரு ஆளை இழுக்க எங்களிட்டைக் கயிறில்லை ஐயா" என்றார்.

அவள் அவனை இழுத்துக்கொண்டு வந்தாள். உயிர் இருந்தது. கண் திறக்கவில்லை. நான் அவனைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றப் போனேன். அவள் விடவில்லை. தண்ணீர்க் குழாயடியில் படுக்கவைத்து, இமையைப் பிரித்து, கண்ணைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

"விடும் பிள்ளை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவம்" என்று நான் கத்தினேன்.

"முதல் கண் ஐயா. ஆஸ்பத்திரி எங்கையும் ஓடிப்போகாது."

அம்புலன்ஸ் வரும்வரை அவள் கழுவினாள். வந்த பிறகும் வண்டிக்குள் ஏறிக் கழுவிக்கொண்டே போனாள்.

ஆஸ்பத்திரி விறாந்தையில் மர வாங்கில் உட்கார்ந்து நான் பிள்ளையாரிடம் கேட்கத் தொடங்கினேன். முதலில் நூற்றெட்டுத் தேங்காய் உடைக்கிறேன் என்றேன். பிறகு ஒரு நாள் திருவிழாவை நானே ஏற்றுச் செய்கிறேன் என்றேன். மூன்றாம் நாள் பின்னேரம் எனக்கே நாணம் வந்தது. நான் சாமிக்கும் கையூட்டுக் கொடுக்கப் பார்க்கிறேன். அருச்சனைத் தட்டில் களவை வைத்தவன் இப்போது தேங்காய் வைக்கப் போகிறான். அப்போது ஒரே ஒரு வேண்டுதல்தான் எஞ்சியது. "பிள்ளையாரே, அவன் கண்ணைத் தா. நீ தந்தாலும் தராவிட்டாலும் நான் உண்மையைச் சொல்கிறேன்."

எழுந்து தங்கையிடம் போனேன். கேள்வித்தாளைப் பற்றியும், தொலைபேசியில் நான் சொன்னதைப் பற்றியும் எல்லாம் சொன்னேன். யோகம் என் முகத்தைப் பார்க்கவில்லை. மகனின் கட்டைப் பார்த்தபடியே இருந்தாள்.

"அண்ணையாலைதான் வேலை கிடைச்சது எண்டு ஊர் முழுக்கச் சொல்லித் திரிஞ்சனான்" என்றாள். அவன் போர்வையை இழுத்துவிட்டு, "என்னட்டைச் சொல்லி என்ன? போய் இவன்ரை கண்ணைக் கழுவின அந்தப் பிள்ளையிட்டைச் சொல்லுங்கோ" என்றாள்.

அப்போதே பஸ் ஏறி மயிலிட்டிக்குப் போனேன். முதலாளி தொழிற்சாலையிலேயே நின்றார். தவமலரையும் கூப்பிட்டேன். இருவருக்கும் முன்னால் நின்றுகொண்டே சொன்னேன். முகாமையாளர் வேலையை விடுகிறேன் என்று எழுதிய கடிதத்தையும் கொடுத்தேன். முதலாளி அதை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

தவமலர் சொன்னாள்: "கேள்வித்தாள் கதை எனக்குத் தெரியும் ஐயா."

"எப்பிடித் தெரியும்?"

"கதவு திறந்துதான் கிடந்தது. நீங்கள் கேட்டு முடிக்க முதல் உவன் பதிலைத் தொடங்கிவிட்டான். வெளியிலை இருந்த நாங்கள் எல்லாரும் சிரிச்சனாங்கள். உங்களுக்குத்தான் கேக்கேல்லை."

"தெரிஞ்சும் உள்ளுக்குப் போனீரே?"

"கேள்வித்தாள் குடுத்தது நீங்கள். உள்ளுக்குக் கிடந்தது அவன்" என்றாள். பிறகு, "கண் எப்பிடி?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை கட்டை அவிழ்த்தார்கள். யோகம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சுகந்தன் இமையைத் திறந்தான், மூடினான், மறுபடியும் திறந்தான். தாயைப் பார்த்தான். என் பக்கம் திரும்பினான்.

"மாமா, ஏன் சவரம் எடுக்கேல்லை?"

அறுபத்தொன்பது வயதில் ஆஸ்பத்திரிக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். வைத்தியர் அவன் கண்ணுக்கு ஒளியடித்துப் பார்த்துவிட்டு, "ஆர் உடனை கழுவினது? அந்த ஆள்தான் உங்களுக்குக் கண்ணைத் தந்தது" என்றார்.

அடியார்களே, நான் மூன்று நாள் விறாந்தையில் இருந்து கேட்ட உதவியைப் பிள்ளையார் நான் கேட்குமுன்பே அனுப்பியிருந்தார். அது இரண்டு ஆண்டாக என் கண்ணுக்கு முன்னால் ஐஸ் உடைத்துக்கொண்டு நின்றது. நான்தான் அதற்குப் புள்ளி குறைத்தேன்.

அந்த வேலைக்குப் புதிதாக நேர்முகத் தேர்வு நடந்தது. நான் குழுவில் இருக்கவில்லை. முதலாளி வெளியிலிருந்து ஒரு பொறியியலாளரை அழைத்தார். அவர் மேசையில் கேட்டது பாதி. மீதியை இயந்திர அறைக்குள் கூட்டிக்கொண்டுபோய், "காட்டுங்கள், செய்யுங்கள்" என்றே கேட்டார். தவமலர் இயந்திர அறைக்குப் பொறுப்பாளரானாள். சுகந்தனும் மறுபடி விண்ணப்பித்தான். இரண்டு கேள்விகளுக்குத் தெரியாது என்றே சொன்னான். அவளுக்கு உதவியாளனாக எடுத்தார்கள். இப்போது மெய்யாகவே வேலை பழகுகிறான்.

முகமூடிகள் இப்போது மூன்று. மூன்றும் கதவுக்கு வெளியே, பூட்டில்லாமல் தொங்குகின்றன. மாதம் ஒருமுறை எல்லோரும் அணிந்து பார்க்கிறார்கள். போன ஆயுத பூசைக்குச் சந்தனத்துடன் போனவனைத் தவமலர் மறித்தாள். "மாஸ்கிலை வேண்டாம் ஐயா. கதவிலை வையுங்கோ." வைத்தேன். பாதுகாப்பு அறிவித்தல் ஒன்று எழுதித் தரும்படி முதலாளி என்னைக் கேட்டார். நல்ல தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அவள் பார்த்துவிட்டு, "இதை வாசிச்சு முடிக்க முதல் ஆள் முடிஞ்சிடும்" என்று சொல்லி மூன்று வரியாக்கினாள். காற்றைப் பார். முகமூடியை எடு. காற்றுக்கு எதிரே போ. அந்த மூன்றும்தான் சுவரில் இருக்கின்றன.

தை மாதத்தில் ஒரு குழாய் மூட்டில் மறுபடியும் கசிவு வந்தது. வேலையை விட்ட பிறகும் இடைக்கிடை போய் வருகிற நானும் அன்று அங்கே நின்றேன். வாடைக்காற்று கடலிலிருந்து அடித்தது. ஒருவரும் கத்தவில்லை. சொல்லாமலே எல்லோரும் இந்த முறை கடல் பக்கம் வந்து சேர்ந்தார்கள். தவமலரும் சுகந்தனும் முகமூடியுடன் போய் வால்வை மூடிவிட்டு நடந்து வந்தார்கள். ஆள் எண்ணினோம். எல்லோரும் இருந்தோம். ஒருவர்கூட இருமவில்லை. வெயில் ஏறுமுன் படகுகளுக்கு ஐஸ் ஏற்றியாயிற்று. அந்தக் கரையில் நின்று நான் கைகூப்பிய கும்பிடுபோல் என் ஆயுளில் வேறொன்று இல்லை.

உங்கள் பிள்ளைகள் நேர்முகத் தேர்வுக்குப் போனால் கோயிலுக்குக் கூட்டி வாருங்கள். அவர்கள் கற்றதைக் காலடியில் வையுங்கள், வேறெதையும் வைக்காதீர்கள். வேலைத் தலத்தில் உங்கள் கை செய்யவேண்டியதை முதலில் செய்துவிட்டுக் கும்பிடுங்கள். என்னைப்போல் பிழை செய்துவிட்டு நிற்பவர் எவராவது இதை வாசித்தால், தேங்காயை எண்ணிக்கொண்டிராதீர்கள். உரியவரிடம் போய்ச் சொல்லுங்கள். பயமாக இருக்கும். எனக்கும் இருந்தது. சொன்ன பிறகு சாமியிடம் கேளுங்கள். தகுதியில்லாத எனக்கே பிள்ளையார் தந்தார். உங்களுக்கும் தருவார்.