இருபது கிலோவில் பதினெட்டு

திருப்போரூரிலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில் ஓர் ஊர். பெயர் வேண்டாம்; ரேஷன் தராசு ஒழுங்காக இருக்கிற மற்ற ஊர்கள் மனம் புண்படும். அந்த ஊர் ரேஷன் கடையில் எடை போடுபவர் ஞானதாஸ். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். பொய் பேசத் தெரியாதவர். அந்த வேலையைத் தராசு பார்த்துக்கொண்டது.

மூட்டை நிறுக்கும் தராசின் பலகைக்கு அடியில் இரண்டு கிலோ ஈயக்கட்டி ஒன்று பதவிசாகக் குடியிருந்தது. இருபது கிலோ அரிசி என்றால் வீட்டுக்குப் போவது பதினெட்டு. இது ஊருக்கே தெரியும். ஆனால் அதே தராசு வெளிநாடு போகிறவர்களின் பெட்டியையும் அப்படித்தான் நிறுக்கும் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பெட்டி கடைக்கு வரக் காரணம் ஊர்க்காரர் கருப்பன். தொண்ணூற்றிரண்டில் மகனைத் துபாய்க்கு அனுப்பும்போது, "அண்ணாத்த, பிளேன்ல இருபது கிலோதான் வுடுவானாம், போட்டுப் பாரு" என்று தூக்கிவந்தார். அதுமுதல் கடல்தாண்டுகிற பெட்டியெல்லாம் ஞானதாஸின் பலகையில் ஏறி இறங்கித்தான் போயின.

"இன்னாத்துக்குடா போற?" என்று ஒவ்வொருவனையும் விசாரிப்பார். வூடு கட்ட. தங்கச்சிக்கு நகை போட. ஏசியில் தூங்க. பக்கத்து வூட்டுக்காரன் போனதால். கடைசிக் காரணத்துக்கே மெஜாரிட்டி. பிறகு தராசு இருபத்திரண்டு காட்டும். ரெண்டு கிலோ குறைக்க வேண்டும். ஜீன்ஸை எடுத்தவன் ஒருவனும் இல்லை. அம்மா கட்டிவைத்த கருவாடும் முறுக்கும்தான் வெளியே வரும். "நீயே துன்னுப்பா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த அம்மாக்கள் அவரிடமே கொடுத்துவிட்டுப் போவார்கள். பதினோரு வருஷம் ஊரின் தாய்ப்பாசத்தை ஞானதாஸ் சாப்பிட்டார். நல்ல ருசி.

மீனம்பாக்கத்தில் அதே பெட்டி பதினெட்டு காட்டும். அங்கே இருப்பது பணக்காரத் தராசு, தாராளமாக நிறுக்கிறது என்று பையன்கள் கடிதம் எழுதினார்கள்.

2003-இல் அவருடைய ஒரே மகள் ஜெனிஃபருக்குக் குவைத்தில் நர்ஸ் வேலை கிடைத்தது. "இங்க இல்லாத ஆஸ்பத்திரியா?" என்றார் ஞானதாஸ். மனைவி சாராள் நெத்திலிக் கருவாடும் எள்ளுருண்டையும் மூட்டையாய்க் கட்டிப் பெட்டியில் திணித்தாள்.

"எடையெல்லாம் வேணாம். சரியாத்தான் இருக்கும்" என்றார் ஞானதாஸ்.

"ஊரான் பெட்டியெல்லாம் நிறுத்தீங்களே, பெத்த பொண்ணு பெட்டின்னா கை வலிக்குதா?" என்று சாராள் பெட்டியைக் கடைக்கே இழுத்துவந்துவிட்டாள். அன்று சர்க்கரை போடுகிற நாள். முப்பது கார்டு வரிசையில் நின்றது.

"இருபத்திரெண்டு!" என்று முன்னால் நின்ற முனிசாமி படித்துச் சொன்னான். "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான் அண்ணாத்த!"

வரிசை சிரித்தது. அதில் கருவாடு கொடுத்துவிட்டுப் போன அம்மாக்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

ஜெனிஃபர் அப்பாவையே பார்த்தாள். "நீ சொல்லுப்பா. வச்சிக்கோன்னா வச்சிக்கிறேன்."

ஞானதாஸ் மகளைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார்.

"ரெண்டு கிலோ எடுத்துடும்மா."

அவளே குனிந்து மூட்டையை வெளியே எடுத்து, மற்றவர்கள் வைக்கிற அதே இடத்தில் வைத்தாள்.

வேன் கேளம்பாக்கம் தாண்டியதும், எல்லோரிடமும் கேட்டதை அவளிடமும் கேட்டார். "இன்னாத்துக்கும்மா போற?"

"ஸ்கூல்ல என் பேரு இன்னான்னு தெரியுமாப்பா?"

"ஜெனிஃபர்தான்."

"பதினெட்டு. 'பதினெட்டு வருது, பதினெட்டு போவுது'ன்னுவாங்க. குவைத்துல அது யாருக்கும் தெரியாது. அதான்."

முன்சீட்டில் சாராள் தூங்கிக்கொண்டிருந்தாள். வண்டலூர், தாம்பரம், பல்லாவரம் என்று ஊர்கள் ஒழுங்காக வந்துபோயின. ஞானதாஸ் அவற்றின் பெயர்ப்பலகைகளை அக்கறையாகப் படித்துக்கொண்டு வந்தார்.

மீனம்பாக்கத்தில் பெட்டியை எடைக்குப் போட்டுவிட்டு ஜெனிஃபர் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் வந்து நின்றாள். பத்து விரலைக் காட்டினாள். பிறகு எட்டு விரல். திரும்பி நடந்தாள்.

"இன்னாங்க சொல்றா?" என்றாள் சாராள்.

"நம்பள பத்திரமா இருக்கச் சொல்றா."

தராசின் உதவியில்லாமல் ஞானதாஸ் சொன்ன முதல் பொய் அது.

மறுநாள் ஈயக்கட்டியைக் கழற்றிக் கிணற்றில் போட்டார். அந்த மாதம் அரிசியைத் தூக்கிய முனிசாமி தடுமாறிப்போனான். "இன்னா அண்ணாத்த, தராசு பேஜாரா கீது? ஆள வுட்டுப் பாரு!" தேர்தல் வருகிறதா என்று ஊர் விசாரித்தது.

ஞாயிறுதோறும் குவைத்திலிருந்து போன் வரும். சாராள் பேசுவாள். ஞானதாஸ் பக்கத்தில் நிற்பார். "அப்பா நல்லாகீறாரா?" என்று ஜெனிஃபர் கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். ஐந்து வருஷமாகியும் லீவுக்கென்று ஒருமுறைகூட வரவில்லை.

நெத்திலி மூட்டையை அவர் தின்னவில்லை. ஒருநாள் கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அதைத் தராசில் வைத்தார். சரியாக இரண்டு கிலோ. ஒரு கிராம்கூடக் குறையவில்லை.